மோட்டார் பட்டறைக்கு வந்தவரை மறுபடி வரவழைக்க: ஒரு ஷீட், ஒரு வாட்சாப், ஒரு 555 புத்தகம்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் தங்கச்சி வீட்டுக்காரர் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். வருகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்கள். வண்டிகள் எல்லாம் கப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள். மினியாக் ஹித்தாம் (இஞ்சின் எண்ணெய்) மாற்றிவிட்டுப் போகிறவர் அடுத்த தடவை எங்கே மாற்றுவார்? செயின் கத்துகிற நேரத்தில் எந்தப் பட்டறை கண்ணில் படுகிறதோ அங்கே.

மச்சானுடைய கணக்கெல்லாம் 555 என்கிற சின்னப் பாக்கெட் நோட்டுப் புத்தகத்தில்தான். அதைப் புரட்டிப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. கடன் வைத்தவர்களை எல்லாம் அந்தப் புத்தகம் பத்திரமாக ஞாபகம் வைத்திருந்தது. காசைக் கட்டிவிட்டுப் போன நல்ல மனிதரைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

படி 1: எழுதி வையுங்கள்

பெயர், கைப்பேசி எண், வண்டி எண், செய்த வேலை, தேதி. இவ்வளவு போதும். எண் வாங்கும்போதே "ஞாபகப்படுத்தி ஒரு மெசேஜ் போடலாமா?" என்று கேட்டுவிடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 என்று ஒன்று இருக்கிறது. விளம்பரச் செய்தி வேண்டாமென்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் நிறுத்தியாக வேண்டும். அதுவரை போக விடுவானேன்?

கிரீஸ் கையோடு கைப்பேசியில் தட்டச் சொன்னால் எந்த மெக்கானிக்கும் மூன்றாம் நாள் விட்டுவிடுவார். மச்சான் இப்போதும் 555-இல்தான் கிறுக்குகிறார். ராத்திரி சீரியல் விளம்பர இடைவேளையில் தங்கச்சி அதைக் கூகள் ஷீட்ஸில் ஏற்றிவிடுகிறாள்.

படி 2: எத்தனை நாள்?

எல்லாருக்கும் ஒரே கணக்குப் போடாதீர்கள். மச்சான் 2,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றச் சொல்வார். தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வருகிறவர் நாளுக்கு 60 கிலோமீட்டர் ஓட்டுகிறார். மாதம் 25 நாள் வேலை என்றால் 1,500. ஆக, அவருக்கு 50 நாள். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு மட்டும் வண்டியை எடுக்கிற அத்தைக்கு 50 நாளில் மெசேஜ் அனுப்பினால், காசு பிடுங்கப் பார்க்கிறான் என்றுதான் நினைப்பார். அதனால் ஷீட்டில் ‘நாள்’ என்று தனிப் பத்தி (மேலிருந்து கீழாக ஓடும் வரிசை) வைத்து, ஆளுக்கு ஏற்ற எண்ணைப் போடுங்கள்.

அடுத்த பத்தியில் சமன் குறி போட்டு, தேதிக் கட்டத்தைத் தொட்டு, கூட்டல் குறி, பிறகு ‘நாள்’ கட்டம். வரவேண்டிய தேதி வந்துவிடும். அந்தத் தேதியை எட்டியவருக்கு மெசேஜ். தேதிக்குப் பதிலாக ஐந்து இலக்க எண் ஒன்று வந்தால் பயப்படாதீர்கள், அந்தப் பத்தியின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் சரியாகிவிடும்.

படி 3: நான் வழுக்கி விழுந்த இடம்

ஜூன் 2-ஆம் தேதி எண்ணெய் மாற்றிய ஒரு பெரியவருக்கு மறுநாளே மெசேஜ் போய்விட்டது. நேராகப் பட்டறைக்கு வந்து, "என்ன தம்பி, நேத்துதானே மாத்துனேன்? உள்ள தண்ணிய ஊத்திட்டீங்களா?" என்று கேட்டார். மார்ச் 8-இல் வந்த இன்னொருவருக்கோ மெசேஜே போகவில்லை.

காரணம் இதுதான். நாம் நாளை முன்னால் எழுதுகிறோம், மாதத்தைப் பின்னால். ஷீட் அமெரிக்க முறையில் இருந்தால் தலைகீழாகப் படிக்கும். 02/06 என்பது பிப்ரவரி 6 ஆகிவிட்டது, வரவேண்டிய தேதி எப்போதோ தாண்டிவிட்டதாகக் காட்டியது. 08/03 ஆகஸ்ட் 3 ஆகிவிட்டது. 13/04 போன்றவற்றில் 13-ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அது தேதியாகவே ஏறாது. அமைப்பைப் பார்க்காமல் விட்டது என் தப்பு.

ஃபைல், செட்டிங்ஸ், லொக்கேல் போய் யுனைடெட் கிங்டம் என்று வைத்துவிடுங்கள். இதை முதல் வரி எழுதும் முன்பே செய்யுங்கள். ஏற்கெனவே தப்பாக ஏறியவை தானாகத் திருந்தாது. நான் 555-ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி தட்டினேன். ஒரு சின்னக் குறிப்பு: கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டி நின்றால் தேதி, இடப்பக்கம் ஒட்டி நின்றால் வெறும் எழுத்து.

படி 4: அனுப்புவது

காசு கட்டி மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும் திட்டமெல்லாம் வேண்டாம். வாட்சாப் பிசினஸ் இலவசம், பட்டறைக்கென்று தனி சிம் போடுங்கள். ஒரே மெசேஜைப் பலருக்கு ஒரே தட்டில் அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலை நம்பாதீர்கள். உங்கள் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்தவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். முதல் மாதம் நான் அனுப்பியதெல்லாம் காற்றோடு போயிற்று. ஒவ்வொருவராக அனுப்புங்கள். நாளுக்கு ஐந்தாறு பேர்தான், ஒரு தே தாரே ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

எங்கள் வாசகம் இது: "வணக்கம் (பெயர்) அண்ணே, பட்டறையிலிருந்து. வண்டிக்கு எண்ணெய் மாற்றி 50 நாள் ஆகுது. சனிக்கிழமை காலையில வந்தா கூட்டம் இருக்காது. செயினையும் ஒரு பார்வை பார்த்திடலாம்." இதைக் குயிக் ரிப்ளையில் வைத்துக்கொண்டு பெயரையும் நாளையும் மட்டும் மாற்றுகிறோம். மலாயில் ஒன்று தனியாக இருக்கிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த பெரியவர்கள் தமிழ் எழுத்தைச் சரளமாக வாசிப்பார்கள். வாசிக்காதவர்களுக்கு மச்சானே குரலில் பேசி அனுப்பிவிடுகிறார். பதில் வருவது அதற்குத்தான் அதிகம்.

மாதக் கடைசியில் அனுப்பாதீர்கள். சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். 25-க்கு மேல் வருகிற தேதிகளை 8-க்குத் தள்ளிவிடுகிறோம். அதற்குள் இஞ்சின் ஒன்றும் உருகிவிடாது.

அப்புறம், இன்சூரன்ஸ் முடியும் தேதிக்கும் ஒரு பத்தி சேருங்கள். கப்சாய்க்கு ரோட்டெக்ஸ் (சாலை வரி) பெரிய செலவில்லை. ஆனால் இன்சூரன்ஸ் இல்லாமல் அதைப் புதுப்பிக்க முடியாது. மறந்து மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய.

பிற்சேர்க்கை: ஏர்கோன் சர்வீஸ் செய்யும் ஒரு வாசகர், ஷீட்டில் கைப்பேசி எண்ணின் முதல் பூஜ்யம் காணாமல் போகிறது என்று எழுதியிருந்தார். எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டுத் தட்டுங்கள், பூஜ்யம் நிற்கும். ‘நாள்’ பத்தியில் வீட்டு ஏர்கோனுக்கு 180 போடலாம். ரோட்டோரக் கடை என்றால் நான் 90 போடுவேன், அங்கே புழுதி அப்படி.