முடி மெலிவுக்குப் பி.ஆர்.பி. ஊசி: முன்பும் பின்பும் கவனிக்க வேண்டியவை

பி.ஆர்.பி. என்பது, உங்கள் இரத்தத்திலிருந்தே தட்டணுக்கள் (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) செறிந்த பிளாஸ்மாவை, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியை, பிரித்தெடுத்துத் தலைத்தோலில் செலுத்தும் சிகிச்சை. இந்த ஊசிக்கு நாள் குறிக்கும் முன், முடி ஏன் கொட்டுகிறது என்பதைத் தோல் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். டெங்கு போன்ற கடுங்காய்ச்சலோ பிரசவமோ முடிந்து இரண்டு மூன்று மாதங்களில் கொத்துக் கொத்தாக உதிரும் முடி, பெரும்பாலும் தானாகவே மீண்டும் முளைத்துவிடும். அதற்காகப் பல்லாயிரம் ரூபாய் செலவழிக்க வேண்டியதில்லை. இரத்தசோகையும் தைராய்டுக் கோளாறும்கூட முடியை உதிரச் செய்யும் என்பதால், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு) பரிசோதனைகள் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்தச் சிகிச்சை அதிகம் பயன்படுவது பரம்பரையாக வரும் முடி மெலிவுக்கு, அதாவது ஆண்களுக்கு நெற்றியோரத்திலோ உச்சியிலோ, பெண்களுக்கு வகிட்டோரத்திலும் தொடங்கும் மெலிவுக்கு. மயிர்க்கால்கள் உயிரோடு இருந்தால்தான் பலன் கிடைக்கும். வழவழப்பாகிவிட்ட வழுக்கையில் முடி முளைக்காது. தட்டணுக்கள் குறைவாக உள்ளவர்களும் தலைத்தோலில் புண் அல்லது தொற்று உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்றவை தட்டணுக்களின் செயலைக் குறைப்பதால், ஊசிக்குச் சில நாள்கள் முன்பே அவற்றை நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் இதய நோய்க்காக ஆஸ்பிரினோ வேறு இரத்த மெலிவு மருந்தோ எடுப்பவர்கள், அதை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் ஒருபோதும் நிறுத்தக் கூடாது.

ஊசி போடும் அன்று, கிளம்பும் முன் தலைக்குக் குளித்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுச் செல்லுங்கள். கையிலிருந்து எடுத்த இரத்தத்தை, உறையாமல் தடுக்கும் மருந்துள்ள குழாயில் விட்டு இயந்திரத்தில் சுழற்றுவார்கள். சிவப்பணுக்கள் அடியில் தங்க, மேலே இளமஞ்சள் நிறப் பிளாஸ்மா தெளிந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெண்படலம் ஒன்று தெரியும். தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்தெடுத்து, மெலிந்த இடமெங்கும் சிறுசிறு இடைவெளியில் ஊசியால் செலுத்துவார்கள். வலிக்கத்தான் செய்யும், மரத்துப்போகும் மருந்து தருவார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சுத்தம். ஊசியும் குழாயும் உங்கள் கண்முன்னே உறை பிரிக்கப்பட வேண்டும். இரத்தம் எடுத்த கையோடு குழாயில் உங்கள் பெயர் எழுதப்பட வேண்டும். அமெரிக்காவின் ஆல்புகெர்க்கி நகரில் உரிமமின்றி இயங்கிய அழகு நிலையம் ஒன்றில், முகத்துக்குச் செய்த இதே வகைச் சிகிச்சையால் வாடிக்கையாளர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-இல் அறிக்கையாக வெளியிட்டது. பெயர் எழுதாத இரத்தக் குழாய்கள் அங்கே உணவுப் பொருள்களோடு குளிர்பதனப் பெட்டியில் கிடந்தன. உங்கள் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்திலிருந்து தயங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசி போட்ட பிறகு அன்று மீண்டும் தலைக்குக் குளிக்க வேண்டாம். ஓரிரு நாள் தலைத்தோல் வலிக்கும், நெற்றி சற்று வீங்கலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு ஆகியவை தென்பட்டால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

வழக்கமாக மாதம் ஒன்றாக மூன்று முறை செலுத்தி, பலன் தெரிந்தால் சில மாதங்களுக்கு ஒருமுறை தொடர்வார்கள். முடி வளர்ச்சிக்கான மினாக்சிடில் மருந்தைப் பூசி வருபவர்கள், மருத்துவர் சொன்னாலன்றி அதைக் கைவிட வேண்டாம். முதல் ஊசிக்கு முன்பே, ஒரே வெளிச்சத்தில், ஒரே வகிடு எடுத்துப் படம் பிடித்து வையுங்கள். கண்ணாடியை நம்பி முடிவெடுப்பது கடினம். மொத்தத் தவணைக்கும் முன்பணம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனெனில் பலன் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் மாற்றம் ஏதும் தெரியாவிட்டால், அடுத்த ஊசியைத் தள்ளிவைத்து, வேறு வழி என்ன என்று மருத்துவரிடம் கேளுங்கள்.