வண்டி வராத பாதைதானே என்று இத்தாலிக்குச் சைக்கிளோடு கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

கார், லாரி தொல்லை இல்லாமல் இத்தாலியின் பழைய ஊர்களை நாலைந்து நாள் சைக்கிளிலேயே சுற்றி வரலாம் என்று கேள்விப்பட்டு மேப்பைத் திறக்கிறவர்கள் முதலில் பார்ப்பது கிலோமீட்டரைத்தான். மொத்தம் எவ்வளவு, ஒரு நாளைக்கு எவ்வளவு முடியும், வகுத்தால் கணக்கு முடிந்தது. பெரும்பாலான தவறுகள் இங்கேயே தொடங்கிவிடுகின்றன. என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பாதை சைக்கிள் பாதை ஆவதற்கு முன்னால் என்னவாக இருந்தது? அங்கே பேர்போன பாதைகளில் பலவும் பழைய ரயில் தடமாகவோ, ஆற்றின் வெள்ளக்கரையாகவோ, ரோமானியர் போட்ட சாலையை ஒட்டியோதான் இருக்கும். அது தெரிந்தால் ஏற்றம், நிழல், காற்று, சாப்பாடு எல்லாவற்றுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

உம்ப்ரியாவின் ஸ்போலெத்தோ – நோர்ச்சா பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1926ல் ஓடத் தொடங்கி 1968ல் நிறுத்தப்பட்ட மலை ரயிலின் தடம் அது, 51 கிலோமீட்டர். எர்வின் தோமான் என்ற சுவிஸ் பொறியாளர் வடிவமைத்தது. ரயில் தடம் என்றால் மட்டமாகத்தானே இருக்கும் என்று நினைத்து வாடகைக்கு ஒரு சாதாரண சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் முதல் ஒரு மணி நேரத்திலேயே மூச்சு வாங்குவார்கள். காரணம், இது குறுகிய தடத்தில் ஓடிய மின்சார ரயில், ஆயிரம் மீட்டருக்கு 45 மீட்டர் வரை ஏறக்கூடியது. மலையைச் சுற்றிச் சுற்றி, தன் தடத்தின் மேலேயே திரும்பி வந்து ஏறும். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் ஏற்றம் ஏற்றம்தான். தரையும் தார் கிடையாது, பெரும்பாலும் சரளை. மெல்லிய ரேஸ் டயரோடு போனால் உங்கள் பாடு, டயரின் பாடு.

இதில் இன்னொரு தவறு, வெளிச்சம். இந்தத் தடத்தில் 19 சுரங்கங்கள், அவற்றில் கப்ராரேச்சா மட்டும் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். வெளியே ஜூலை வெயில் கொளுத்தும், உள்ளே போனால் குளிர், கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், கண்ணுக்கு எதுவும் தெரியாது. மொபைல் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நல்ல ஹெட்லைட் ஒன்று, பின்னால் சிவப்பு விளக்கு, மெல்லிய ஜாக்கெட் ஒன்று, இவ்வளவும் வேண்டும். இத்தாலியச் சாலைச் சட்டப்படி சுரங்கத்திலும், ஊருக்கு வெளியே இரவிலும் சைக்கிள் ஓட்டுபவர் ஒளியைப் பிரதிபலிக்கும் சட்டை போட்டிருக்க வேண்டும், அது பையில் மடித்து வைத்தால் உள்ளங்கை அளவுதான். 2016 நிலநடுக்கங்களில் நோர்ச்சா பக்கம் கடுமையாக அடிபட்டது, பாறை சரியும் மலையும்கூட. அதனால் அன்றைக்கு எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று சைக்கிள் வாடகைக் கடையில் விசாரித்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

எல்லா ரயில் தடமும் இப்படி மிரட்டாது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து அட்ரியாட்டிக் கடலோர கிராதோ வரை வரும் ஆல்ப்பே ஆட்ரியா பாதையில், தார்வீசியோவுக்குக் கீழே பழைய ரயில் தடத்தில் வரும் பகுதி வழவழப்பான தார், இறக்கம், பழைய பாலங்கள். இங்கே செய்யும் தவறு வேறு: வேகம் கிடைக்கிறதே என்று வழுக்கிக்கொண்டு போய்விடுவது. 1976 நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்து, கல் கல்லாகத் திரும்பக் கட்டிய வென்ஸோனே ஊர் வழியில்தான் இருக்கிறது. கீழே போனால் ஒன்பது முனை நட்சத்திரம் போல 1593ல் கட்டத் தொடங்கிய பால்மனோவா கோட்டை நகரம், அப்புறம் அக்விலேயாவின் 4ஆம் நூற்றாண்டு மொசைக் தரை. ஒரு நாளில் நூறு கிலோமீட்டர் ஓட்டியதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் பலர் அந்த மொசைக்கைப் பார்க்காமல் நேராகக் கடலுக்குப் போனவர்கள்.

இப்போது வெள்ளக்கரை. ஃபெராரா மாவட்டத்தில் போ ஆற்றின் வலது கரையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும் பாதை இருக்கிறது, மட்டமென்றால் அப்படி ஒரு மட்டம். ஆனால் கரை என்பது வெள்ளத்தைத் தடுக்க உயர்த்திப் போட்ட மண்மேடு, அதன் மேல் மரம் கிடையாது, நிழல் கிடையாது, கடையும் கிடையாது. ஊரெல்லாம் கரைக்குக் கீழே. ஆற்றை ரசித்துக்கொண்டே போகலாம் என்று வருகிறவர்களுக்கு இன்னொரு ஏமாற்றம், கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் வரிசை வரிசையாக பாப்லர் தோப்பு இருப்பதால் பல இடங்களில் ஆறே கண்ணில் படாது. ஆகஸ்டில் அங்கே போவது வெயிலும் ஈரமும் கொசுவும் சேர்ந்த தண்டனை. மே, ஜூன் தொடக்கம், செப்டம்பர் நல்லது. வண்டி வராத பாதை என்பதையும் அப்படியே நம்பிவிடக்கூடாது. கரையில் அங்கே வசிப்பவர்களின் கார், டிராக்டர் போக அனுமதி உள்ள இடங்கள் உண்டு.

திசையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வடக்கே ரேசியா ஏரியிலிருந்து, அதாவது 1950ல் ஊரை மூழ்கடித்து எழுந்த நீர்த்தேக்கத்தில் பழைய தேவாலயத்தின் மணிக்கூண்டு மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த ஏரியிலிருந்து, ஆடிஜே ஆற்றோடு மெரானோ, போல்ட்ஸானோ, ட்ரெண்டோ வழியாக வெரோனா வரை வரலாம். ஆல்ப்ஸைத் தாண்ட ரோமானியர் போட்ட க்ளாடியா அகஸ்டா சாலையின் பாதையும் இந்தப் பள்ளத்தாக்குதான். ஏரி ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், போல்ட்ஸானோ 260 மீட்டரில். தெற்கிலிருந்து வடக்கே ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் கும்பிட்டுவிட்டு நாம் மேலேயிருந்து இறங்குவோம். ஆனால் இறக்கம்தானே என்று காலையில் சோம்பி உட்கார்ந்து காபி குடித்துவிட்டு பதினொரு மணிக்குக் கிளம்பினால், ட்ரெண்டோ பக்கம் மதியத்துக்கு மேல் தெற்கேயிருந்து எதிர்காற்று முகத்தில் அறையும். ஓரா என்று பேர் வைத்திருக்கிறார்கள், கார்தா ஏரிப் பக்கமிருந்து வரும் கோடைக்காற்று. மட்டமான பாதையிலும் சிறிய கியரில் உருட்ட வேண்டியிருக்கும். ஏழு மணிக்கே மிதிக்கத் தொடங்குங்கள், பகல் ஒரு மணிக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நானே மாட்டியிருக்கிறேன். நம் ஊர் பழக்கத்தில், பசித்தால் வழியில் ஏதாவது கடை இருக்கும் என்று போய், பிற்பகல் இரண்டே முக்காலுக்கு ஒரு கிராமத்தில் இறங்கினேன். மளிகைக்கடை சாத்தியிருக்கிறது, உணவகத்தில் அடுப்பை அணைத்துவிட்டார்கள், இனி ஏழரைக்குத்தான் என்கிறார் அந்த அம்மா, முகத்தில் இரக்கம் இருக்கிறது, ஆனால் அடுப்பு பற்றவில்லை. கடைசியில் ஒரு பாரில் கிடைத்த உருளைக்கிழங்கு சிப்ஸ்தான் மதிய உணவு. சின்ன ஊர்களில் மதியம் ஒரு மணி வாக்கில் கடை மூடினால் மூன்றரை, நாலு வரை திறக்காது. ரொட்டி, சீஸ், பழம் காலையிலேயே வாங்கிப் பையில் போட்டுவிட வேண்டும். தண்ணீருக்குக் கவலையில்லை, ஊருக்கு ஊர் குழாய் உண்டு, ‘நோன் பொத்தாபிலே’ என்று எழுதியிருந்தால் மட்டும் அதைக் குடிக்கக்கூடாது.

ரயிலில் சைக்கிளை ஏற்றுவதில் பணமும் நேரமும் வீணாவது அடிக்கடி நடக்கிறது. அதிவேக ரயிலில் முழு சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள், மடித்தோ கழற்றியோ பைக்குள் போட்டிருக்க வேண்டும். கால அட்டவணையில் சைக்கிள் படம் போட்டிருக்கும் உள்ளூர் ரயில்தான் நமக்கு, பல இடங்களில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட். கோடை வார இறுதிகளில் இடம் நிரம்பிவிடும், அதனால் கடைசி ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ரோமில் ஆப்பியா பழஞ்சாலையில், கி.மு. 312ல் போடத் தொடங்கியது, அந்தக் காலத்துக் கருங்கல் பலகைகள் இன்னும் கிடக்கின்றன. அதன் மேல் சுமையோடு ஓட்டுவது பல்லுக்கும் கேரியர் போல்ட்டுக்கும் கேடு. ஓரத்து மண் தடத்தில் போங்கள், கல்லின் மேல் இறங்கி நடங்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் காட்டுவது கார்தா ஏரிக்கரைப் பெஸ்கியேராவிலிருந்து மான்டோவா வரை மின்ச்சோ ஆற்றோடு போகும் பாதை. சுமார் 45 கிலோமீட்டர், ஏற்றமே இல்லை என்று சொல்லிவிடலாம். மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்பதுதான் இதன் ஆபத்து. நடுவே போர்கெத்தோவில் ஆற்றுத் தண்ணீரால் சுழன்ற பழைய ஆலைகளும், 1393ல் விஸ்கோந்தி குடும்பம் எழுப்பிய 650 மீட்டர் நீள அணைப்பாலமும் இருக்கின்றன. அங்கே ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், குழந்தை வண்டியும் நாயும் குடும்பமுமாகப் பாதை நிறைந்திருக்கும், மணியடித்தே கை ஓய்ந்துவிடும். மான்டோவாவில் ஓவியர் மாந்தேன்யா சுவரோவியம் தீட்டிய அறை இருக்கும் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அதனால் சனிக்கிழமை மிதித்துப் போய்ச் சேர்ந்து, ஞாயிறு காலை அரண்மனையைப் பார்த்துவிட்டு, மதியம் பூசணி அடைத்த தோர்தெல்லி என்ற பாஸ்தா சாப்பிடுங்கள். இறைச்சி இல்லாததுதான், ஆனாலும் சாஸ் என்னவென்று கேட்டுவிட்டு.