மாற்று இருதயத்தின் எக்கோ, ஸ்கேன் அறிக்கைகளை வாசிக்கும் முறை

சென்னையில் இருதய மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு கொழும்பில் கிளினிக்கைத் தொடரவிருப்பவர், எக்கோ (ஒலியலையால் எடுக்கும் இருதயப் படம்), அஞ்சியோகிராம் (சாயமருந்து ஏற்றி எடுக்கும் இரத்தக்குழாய்ப் படம்) அறிக்கைத் தாள்களோடு படப் பதிவுகளையும் சீடியில் கேட்டு வாங்கிவர வேண்டும். இனி எடுக்கப்படும் ஒவ்வொரு படத்தையும் அந்த முதற் பதிவுகளோடு ஒப்பிட்டால்தான் இருதயம் எந்தத் திசையில் போகிறது என்பதை முன்கூட்டி ஊகிக்க முடியும்.

எக்கோவில் பலரும் 'இ.எஃப்.' என்ற பம்பிங் சதவீதத்தையே பார்க்கிறார்கள். அது சாதாரணமாக இருக்கும்போதே தசை சுருங்கும் அளவைக் காட்டும் 'ஸ்ட்ரெயின்' குறையத் தொடங்கலாம். ஆகவே அதையும் அளக்கும்படி கேளுங்கள். கருவிக்குக் கருவி அந்த அளவு மாறுபடுவதால், இயன்றவரை ஒரே இடத்தில் எடுப்பது நல்லது. வலது கீழறையின் நீளவாட்டு அசைவு சத்திரசிகிச்சைக்குப் பின் குறைந்திருப்பது வழக்கம். அதை மட்டும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

நீண்டகால ஆபத்து பெரும்பாலும் மாற்று இருதயத்தின் இரத்தக்குழாய்களில்தான் வளர்கிறது. சத்திரசிகிச்சையின்போது நரம்புத் தொடர்பு அறுபடுவதால், குழாய் சுருங்கினாலும் நெஞ்சுவலி தெரியாமல் போகலாம் என்பதே இதில் மிகவும் கவலைக்குரியது. இந்தக் குழாய் நோயில் சுவர் குழாயின் நீளம் முழுவதும் பரவலாகத் தடிப்பதால், உட்துவாரத்தை மட்டும் காட்டும் அஞ்சியோகிராம் தொடக்க நிலையைத் தவறவிடக்கூடும். குழாய்க்குள்ளேயே செலுத்தும் அல்ட்ராசவுண்ட் சுவரின் தடிப்பையே அளக்கிறது: முதலாண்டுக்குள் உட்சுவர் 0.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால், பிற்காலத்தில் குழாய் நோயும் மரணமும் நேரும் அபாயம் கூடுதல் என ஆய்வுகள் காட்டியுள்ளன. அது எச்சரிக்கையே அன்றித் தீர்ப்பல்ல. மருந்தை மாற்றுவது பற்றி வைத்தியரிடம் பேசுவதற்கு உரிய வேளை அதுவே. அஞ்சியோகிராம் அறிக்கையில் குழாய் நோயின் கடுமையைக் காட்டும் 0 முதல் 3 வரையான சர்வதேசத் தரம் குறிக்கப்பட்டிருந்தால் அதையும் குறித்துவையுங்கள்.

எம்.ஆர்.ஐ. தசையின் வீக்கத்தையும் தழும்பையும் காட்டும். ஆயினும் உடல் புதிய இருதயத்தை ஏற்காமல் எதிர்க்கும் நிராகரிப்பை உறுதிசெய்யத் தசைத் துணுக்குப் பரிசோதனை தேவைப்படலாம். நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை, எனவே எம்.ஆர்.ஐ.க்கோ அஞ்சியோகிராமுக்கோ சாயமருந்து ஏற்றுமுன் சிறுநீரகச் செயற்பாட்டைக் காட்டும் அண்மைய கிரியேட்டினின் அளவைத் தெரிவியுங்கள்.

திகதி, இ.எஃப்., ஸ்ட்ரெயின், இரத்தத்தில் மருந்தின் அளவு, நிராகரிப்புக்குப் பெற்ற சிகிச்சை ஆகியவற்றை ஒரே கொப்பியில் எழுதி ஒவ்வொரு கிளினிக்குக்கும் கொண்டுசெல்லுங்கள். புதிதாக மூச்சிரைப்போ கால்வீக்கமோ கண்டால், கடைசி அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்திருந்தாலும், அடுத்த ஸ்கேன் திகதிவரை காத்திராமல் அன்றே வைத்தியரைப் பாருங்கள்.