காவல், தீயணைப்பு வயர்லெஸ் அமைப்பைப் புதுப்பிப்பது எப்படி: மதுரை வட்டாரத்துக்கான வழிகாட்டி

காவல் நிலையங்களுக்கும் தீயணைப்பு நிலையங்களுக்கும் புதிய வயர்லெஸ் அமைப்பு தேவை என்று முடிவானவுடன், எந்தக் கருவியை வாங்கலாம் என்ற பேச்சே முதலில் எழுகிறது. அதைச் சில மாதங்கள் ஒத்திவைத்துவிட்டு, இப்போதிருக்கும் மைக்கில் எந்தெந்த இடங்களிலிருந்து பேசினால் கட்டுப்பாட்டு அறைக்குக் கேட்பதில்லை என்பதை எழுதி வாங்க வேண்டும். அலுவலகத்தில் அமர்ந்து இந்தப் பட்டியலைத் தயாரிக்க முடியாது. இரவு ரோந்து செல்லும் காவலரிடமும், தீயணைப்பு வண்டியின் ஓட்டுநரிடமும், நிலைய அலுவலரிடமும் கேட்டால் தெருப்பெயரோடு சொல்வார்கள். தமிழ்நாட்டில் இவ்விரு துறைகளும் உள்துறையின் கீழ் வருவதால், மாவட்ட அளவில் இருப்பவர்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, தங்கள் ஊருக்கு என்ன தேவை என்பதைச் சான்றுகளோடு எழுதித் தருவதுதான். அந்த அறிக்கை பலவீனமாக இருந்தால், பிற்பாடு எவ்வளவு விலையுயர்ந்த கருவி வந்தாலும் பழைய குறை அப்படியே நீடிக்கும்.

மதுரை வட்டாரத்தில் இந்தப் பட்டியல் பெரும்பாலும் நில அமைப்பை ஒட்டியே வரும். வைகைக் கரையோரச் சமவெளியைச் சுற்றி ஆனைமலை, திருப்பரங்குன்றம், பசுமலை, நாகமலை, அழகர்மலை என்று பாறைகளும் குன்றுகளும் நிற்கின்றன. நாகமலைத் தொடரின் ஒரு பக்கம் உயர்ந்த கோபுரம் அமைத்தால் மறுபக்கம் ரேடியோ அலை எட்டாத நிழல் விழும். சோழவந்தானுக்கும் செக்கானூரணிக்கும் ஒரே நிலையத்தால் ஒரே தரத்தில் சேவை தர இயலுமா என்பதைச் சோதிக்காமல் சொல்லக் கூடாது. நகருக்குள் சிக்கல் வேறு வகையானது. மாசி வீதிகளையும் ஆவணி மூல வீதிகளையும் ஒட்டிய குறுகிய சந்துகள், ஜவுளிக் கடைகளின் கீழ்த்தளக் கிடங்குகள், அரசு இராசாசி மருத்துவமனையின் உள்வார்டுகள், மீனாட்சியம்மன் கோயிலின் கனத்த கல்மண்டபங்கள் ஆகியவை ஒவ்வொன்றும் அலையை வெவ்வேறு அளவில் விழுங்கும்.

குறைபாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்ப்பது அடுத்த வேலை; பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவது இங்கேதான். குன்றின் மேலிருந்து குரலை வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் ரிப்பீட்டர் 50 வாட்டில் பேசுகிறது என்றால், காவலர் கையிலுள்ள வாக்கி டாக்கி 5 வாட்டில் பதில் சொல்கிறது. பத்து மடங்கு வேறுபாடு, அதாவது 10 டெசிபெல். வாக்கி டாக்கியை இடுப்பில் மாட்டியிருந்தால் உடலே அலையின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே கட்டுப்பாட்டு அறை சொல்வது காவலருக்குத் தெளிவாகக் கேட்கும். அவர் சொல்லும் பதில் அறைக்குப் போய்ச் சேராது. இதற்கு ரிப்பீட்டரின் திறனைக் கூட்டுவது தீர்வாகாது, அது ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் திசையையே வலுப்படுத்தும். தல்லாகுளம், அனுப்பானடி போன்ற தீயணைப்பு நிலையங்களின் கூரைகளில் கேட்பதற்கு மட்டுமான ரிசீவர்களை வைத்து, அவற்றில் எதில் குரல் தெளிவாக விழுகிறதோ அதை ஒரு கருவி நொடிக்கு நொடி தேர்ந்தெடுத்து ரிப்பீட்டருக்கு அனுப்பும்படி அமைப்பதே பொருத்தமான வழி. இதை வோட்டிங் என்பார்கள். புதிய கோபுரம் எழுப்பும் செலவில் ஒரு பகுதிதான் இதற்கு ஆகும் என்பதால், சிறு நகரங்கள் முதலில் பரிசீலிக்க வேண்டியது இதுவே என்பது என் உறுதியான கருத்து.

அளவெடுக்கும்போது வண்டியில் பொருத்திய கருவியை நம்பக் கூடாது. வண்டிக் கூரையிலுள்ள ஆன்டெனாவுக்குக் கேட்கும் இடத்தில் கையிலுள்ள கருவிக்குக் கேட்காமல் போகலாம். நகர வரைபடத்தைச் சமமான சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் வாக்கி டாக்கியை இடுப்பளவில் வைத்து இரு திசையிலும் ஒரு வாக்கியம் பேசச் செய்து, கேட்பவர் தரம் குறிக்க வேண்டும். இதற்கு டி.ஏ.க்யூ என்ற, குரலின் தெளிவைக் குறிக்கும் ஐந்து படி அளவுகோல் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. திரும்பச் சொல்லும் தேவை அரிதாகவே நேரும் நிலையை 3.4 என்று குறிப்பார்கள். பொதுப் பாதுகாப்புப் பணிக்குச் சேவைப் பரப்பில் 95 விழுக்காட்டு இடங்களில் இந்தத் தரம் கிடைக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். கட்டடங்களின் உட்புறத்தைத் தனிப் பட்டியலாகச் சோதிக்க வேண்டும். இதே முறையில் நடத்தப்படும் சோதனையில் தேறிய பிறகே இறுதித் தொகை வழங்கப்படும் என்ற நிபந்தனையை ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் சேர்த்துவிட்டால், 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் நடக்கும் கொள்முதலில் பின்னால் வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

கோபுரத்துக்கான இடத்தைத் தேர்ந்தெடுக்கையில் உயரம் மட்டுமே கண்ணில் படும். ஆனைமலையில் சமணச் சிற்பங்களும் நரசிங்கப் பெருமாள் குடைவரையும் உள்ளன. திருப்பரங்குன்றமும் அத்தகைய மலையே. தொல்லியல் சின்னங்கள் உள்ள இடங்களில் துளையிடும் எண்ணமே எழக் கூடாது. வேறு பாறைக் குன்று கிடைத்தாலும், வெறும் கருங்கல்லில் மின்னல் பாதுகாப்புக்கான எர்த்திங் எளிதில் அமையாது. பாறையின் மின்தடை மிக அதிகம் என்பதால், செப்புப் பட்டையை மண் உள்ள அடிவாரம் வரை இழுத்துச் செல்ல நேரலாம். இந்தச் செலவை முதல் மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். நகரின் தெற்கே விமான நிலையம் இருப்பதால் கோபுர உயரத்துக்கு அனுமதி தேவைப்படும். அலைவரிசை உரிமத்தை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவும், கோபுர இட அனுமதியை சாக்ஃபா குழுவும் தருகின்றன. இவற்றுக்குக் காலம் பிடிக்கும் என்பதால், அளவெடுக்கும் பணி நடக்கும்போதே விண்ணப்பங்களைக் காவல் துறையின் தொழில்நுட்பப் பிரிவு வழியாக அனுப்பிவிடலாம்.

தொழில்நுட்பத் தேர்வு இதற்குப் பிறகுதான் வர வேண்டும். டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் வயர்லெஸ் முறையில் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையில் இரண்டு பேச்சுகள் ஒரே நேரத்தில் செல்லும். டெட்ரா என்ற மற்றொரு டிஜிட்டல் முறையில் 25 கிலோஹெர்ட்ஸில் நான்கு செல்லும். வட அமெரிக்காவில் பி25 என்ற டிஜிட்டல் முறை பரவலாக உள்ளது. மதுரை போன்ற ஊருக்கும் அதைச் சுற்றிய கிராமங்களுக்கும் டிஎம்ஆர் போதுமானது என்று கருதுகிறேன். அதன் கருவிகள் அனலாக் என்னும் பழைய முறையிலும் பேசும் என்பதால், பழைய அமைப்பிலிருந்து படிப்படியாக மாறலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் திறந்த தரநிலையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் கருவி மட்டுமே வேலை செய்யும் அமைப்பு, அடுத்த கொள்முதலில் துறையின் கையைக் கட்டிப்போடும்.

தீயணைப்பைப் பற்றித் தனியே பேச வேண்டும். 2018 பிப்ரவரியில் மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததையும், 2020 தீபாவளி நேரத்தில் ஜவுளிக் கடை ஒன்றில் தீயை அணைக்கச் சென்ற இரு வீரர்கள் கட்டடம் இடிந்து உயிரிழந்ததையும் இவ்வூர் மறக்கவில்லை. எரியும் கட்டடத்துக்குள் இருப்பவர் பேச வேண்டியது வாசலில் நிற்கும் தம் அலுவலரிடம். தொலைவு சில பத்து மீட்டர். அந்தக் குரல் பல கிலோமீட்டர் தள்ளி மலைமேலிருக்கும் ரிப்பீட்டருக்குப் போய்த் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே ரிப்பீட்டரைச் சாராமல் கருவிக்குக் கருவி நேரடியாகப் பேசும் சிம்ப்ளெக்ஸ் சேனல் ஒன்றாவது, முடிந்தால் இரண்டு, தீப்பிடித்த இடத்தில் பயன்படுத்துவதற்கென்று ஒதுக்கப்பட வேண்டும். அதை அனலாகாகவே வைத்திருப்பது நல்லது. டிஜிட்டல் குரல் ஓர் எல்லை வரை தெளிவாகக் கேட்டு, எல்லை தாண்டியதும் சட்டென்று அறுந்துவிடும். அனலாகில் இரைச்சல் கூடிக்கொண்டே வருவதால், தொடர்பு போகப்போகிறது என்பது கேட்பவருக்கு முன்கூட்டியே தெரியும். பம்பின் உறுமல், சைரன், மூச்சுக்கருவியின் எச்சரிக்கை ஒலி போன்ற பின்னணிச் சத்தங்களின் நடுவே டிஜிட்டல் பேச்சு சிதைவதை 2008-இல் அமெரிக்க ஆய்வுக்கூடச் சோதனைகளும் காட்டின. வாங்கும் முன், ஓடிக்கொண்டிருக்கும் பம்பின் அருகே முகக்கவசம் அணிந்த வீரரைப் பேசவைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

காவலுக்கும் தீயணைப்புக்கும் பொதுவான சேனல் ஒன்று எல்லாக் கருவிகளிலும், சேனல் மாற்றும் குமிழின் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். இருட்டில், கையுறையோடு, பார்க்காமல் திருப்பி அடையக்கூடிய இடமாக அது அமைய வேண்டும். குற்றப்பிரிவு போன்றவற்றுக்கு, பேச்சைப் பிறர் கேட்டறிய முடியாதபடி மாற்றும் மறையாக்கம் தேவைதான். ஆனால் பொதுச் சேனலையும் தீப்பிடித்த இடத்துக்கான சேனலையும் மறையாக்கினால், மறையாக்கச் சாவி ஏற்றப்படாத ஒரே ஒரு கருவி நெருக்கடியில் ஊமையாகிவிடும்.

செல்பேசி வழியாக இயங்கும் பேச்சுச் செயலிகள் இருக்கும்போது இவ்வளவு செலவு எதற்கு என்று நிதி ஒதுக்குபவர்கள் கேட்பார்கள். கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளில் ஆற்றின் இரு கரையிலும் லட்சக்கணக்கானோர் கூடும்போது செல்பேசி இணைப்பு எப்படித் திணறும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். அத்தகைய செயலிகளைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

புதிய அமைப்புக்கு மாறும் நாளைச் சித்திரைத் திருவிழாவுக்கோ வடகிழக்குப் பருவமழைக்கோ அருகில் வைக்கக் கூடாது. முதலில் ஒரு காவல் நிலையத்தையும் ஒரு தீயணைப்பு நிலையத்தையும் மாற்றி, குறைகளைத் திருத்திய பிறகு மற்றவற்றைத் தொடலாம். கருவிகளின் சேனல் அமைப்புக் கோப்பும் கடவுச்சொற்களும் துறையின் வசம் இருக்க வேண்டும். விற்பனையாளரிடம் மட்டும் விட்டுவிட்டால், ஒரு சேனல் பெயரை மாற்றுவதற்கும் அவரையே எதிர்பார்க்க நேரும். ஒவ்வொரு வாக்கி டாக்கிக்கும் மாற்று பேட்டரி ஒன்றைச் சேர்த்தே வாங்க வேண்டும். பயிற்சியில், பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசத் தொடங்கும் பழக்கத்தை அனைவருக்கும் கற்றுத்தர வேண்டும். டிஜிட்டல் அமைப்பில் அவசரப்பட்டால் முதல் சொல் வெட்டுப்படும், அந்த முதல் சொல் பெரும்பாலும் இடத்தின் பெயராக இருக்கும். பழைய ரிப்பீட்டரை ஒரு மழைக்காலமும் ஒரு சித்திரைத் திருவிழாவும் கடக்கும்வரை மின்இணைப்போடு வைத்திருந்து, பிறகே கழற்ற வேண்டும்.