மறைப்பது வேறு, காப்பது வேறு: போக்குவரத்துத் தகவல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுரங்க ரயில் பாதையின் தீத்தடுப்பு ஆய்வறிக்கையைக் கேட்டு ஒருவர் விண்ணப்பிக்கிறார். "பாதுகாப்புக் காரணங்களால் தர இயலாது" என்று ஒற்றை வரியில் பதில் வருகிறது. அவர் கட்டுப்பாட்டு அறையின் கடவுச்சொல்லைக் கேட்டிருந்தால் இந்தப் பதில் சரி. காவலர்கள் பணி மாறும் நேரத்தையோ, கேமராவுக்கு எட்டாத மூலைகளையோ கேட்டிருந்தாலும் சரி. ஆனால் அவசர வழிக் கதவு திறக்கிறதா, புகையை வெளியேற்றும் விசிறி ஓடுகிறதா என்பதெல்லாம் அந்த ரயிலில் தினமும் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டுவதில்தான் மற்ற தவறுகள் தொடங்குகின்றன.

மறைத்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்று நம்புவது பெரிய தவறு. ராணுவ ரகசியக் குறியீடுகளைப் பற்றி 1883-ல் எழுதிய ஆகுஸ்ட் கெர்க்ஹோப்ஸ் இதற்கு அன்றே விடை சொல்லிவிட்டார். ஓர் அமைப்பு எப்படி இயங்குகிறது என்பது எதிரிக்குத் தெரிந்தாலும் கேடு வரக் கூடாது. சாவி, அதாவது குறியீட்டைத் திறக்கும் ரகசிய எண், மட்டும் மறைவாக இருந்தால் போதும். சாவி பறிபோனால் மாற்றிக்கொள்ளலாம். லட்சக்கணக்கான பயண அட்டைகளில் பதித்த சிப்பை ஒரே இரவில் மாற்ற முடியுமா?

இந்தக் கேள்வி நிஜமாகவே எழுந்தது. லண்டனின் ஆய்ஸ்டர் அட்டையிலும் நெதர்லாந்தின் பயண அட்டையிலும் மைஃபேர் கிளாசிக் என்ற சிப் இருந்தது. அதன் குறியாக்க முறையைத் தயாரிப்பாளர் வெளியிடவே இல்லை. ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது பலவீனமான கணக்கு. சாவியின் நீளம் வெறும் 48 பிட், கணினியால் ஊகித்துவிடக்கூடிய அளவு. நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008 மார்ச்சிலேயே அரசையும் சிப்பைத் தயாரித்த என்எக்ஸ்பி நிறுவனத்தையும் எச்சரித்தார்கள். விரிவான ஆய்வுக் கட்டுரை அக்டோபரில்தான் வந்தது. இடையில் நிறுவனம் தடை கேட்டு வழக்குத் தொடர்ந்தது; ஆர்னெம் நீதிமன்றம் ஜூலையில் மறுத்துவிட்டது. தீங்குக்குக் காரணம் குறையுள்ள சிப்பைச் செய்து விற்றதுதான், அதைப் பற்றி எழுதியது அல்ல என்பது தீர்ப்பின் சாரம். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு இது.

அதே ஆண்டு ஆகஸ்டில் பாஸ்டனில் நடந்தது நேர்மாறு. பயணச்சீட்டு முறையின் ஓட்டைகளைப் பற்றி எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் மூன்று மாணவர்கள் ஒரு மாநாட்டில் பேச இருந்தார்கள். போக்குவரத்து ஆணையம் நீதிமன்றத்தில் தற்காலிகத் தடை வாங்கியது. ஆனால் அவர்களுடைய படக்காட்சி மாநாட்டுக்கு வந்தவர்கள் கையில் ஏற்கெனவே குறுந்தகடாக இருந்தது. அதைவிட வேதனை, மாணவர்கள் ஆணையத்துக்கு மட்டும் அந்தரங்கமாகக் கொடுத்திருந்த அறிக்கையை ஆணையமே மனுவோடு இணைத்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி செய்துவிட்டது. பத்தே நாளில் தடையும் போயிற்று. வாயை அடைக்கப் போனால் செய்தி இன்னும் வேகமாகப் பரவும்.

மாணவர்கள் பக்கமும் ஒரு குறை உண்டு. மாநாட்டுக்குச் சில நாட்கள் முன்புதான் ஆணையத்தைச் சந்தித்தார்கள். ஓட்டையைக் கண்டவர் அதை அடைக்கப் போதிய அவகாசம் தராமல் மேடை ஏறினால், இடைப்பட்ட நாட்களின் ஆபத்து பயணிகள் தலையில் விழும். நைமேகன்காரர்கள் கொடுத்த ஏழு மாதம் அந்த வகையில் நல்ல முன்மாதிரி.

அடுத்த தவறு கூச்சமூட்டும் அளவுக்கு எளிமையானது: கறுப்புப் பட்டை போட்டால் எழுத்து அழிந்துவிடும் என்று நினைப்பது. அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு முகமை 2009-ல் விமான நிலையச் சோதனைக் கையேட்டை அப்படித்தான் இணையத்தில் ஏற்றியது. பட்டைக்கு அடியில் இருந்ததை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் முழுதாகப் படிக்க முடிந்தது. மறைக்க வேண்டிய வரிகளைக் கோப்பிலிருந்தே நீக்க வேண்டும். நீக்கிய பிறகு வேறொருவர் சோதித்துப் பார்க்க வேண்டும். இப்படிச் சில பக்கங்களை நீக்கி மீதியைத் தர முடியும் என்கிறபோது, முழு அறிக்கையையும் மறுப்பதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பெயரை எடுத்துவிட்டால் ஆள் தெரியாது என்பதும் அதே ரகம். நியூயார்க்கில் தகவல் உரிமைக் கோரிக்கையின் பேரில், 2013-ல் நடந்த சுமார் 17 கோடி டாக்சிப் பயணங்களின் விவரம் தரப்பட்டது. வண்டி எண்களை எம்டி5 என்ற கணித முறையில் குழப்பி வைத்திருந்தார்கள். அந்த எண்களின் வடிவம் எல்லாருக்கும் தெரிந்தது. சாத்தியமான எண்களும் குறைவு. எல்லாவற்றையும் கணினியில் ஓட்டிப் பார்த்து சில மணி நேரத்தில் உண்மையான எண்களை எடுத்துவிட்டார்கள். ஏறிய இடம், இறங்கிய இடம், நேரம் மூன்றும் கையில் இருந்தால் ஒருவருடைய வீட்டையும் வழக்கத்தையும் கண்டுபிடித்துவிடலாம். தனித்தனியே தீங்கில்லாத துண்டுகள் சேரும்போது என்ன சொல்கின்றன என்பதை வெளியிடும் முன்பே யோசிக்க வேண்டும்.

கடைசியாக, உயிரோடு விளையாடும் தவறு: தெரிய வேண்டியவர்களுக்கும் சொல்லாமல் இருப்பது. 2013 ஜூலை 6 அன்று கனடாவின் லாக் மெகான்டிக் ஊரில் கச்சா எண்ணெய் ரயில் தடம்புரண்டு வெடித்தது. 47 பேர் இறந்தார்கள். தங்கள் ஊர் வழியாக என்னென்ன ஆபத்தான சரக்கு போகிறது என்ற விவரத்தை நகராட்சிகளுக்குத் தர வேண்டும் என்று ரயில் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் ஆணை அந்த நவம்பரில்தான் வந்தது. எந்த ரயில் எந்த மணிக்கு வரும் என்று அந்த விவரத்தில் இருக்கவில்லை. 2016-ல் புது ஆணை வரும் வரை, ஆண்டுத் தொகுப்பாக, அவசரகாலத் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரியிடம் போனது. அவர் அதை ரகசியமாக வைத்திருக்க வேண்டியிருந்தது. நாச வேலைக்கு உதவாத தகவல்தான். தீயணைப்புத் துறைக்கோ அது போதும்: எண்ணெய்த் தீக்குத் தண்ணீர் மட்டும் பற்றாது, நுரை வேண்டும், எவ்வளவு நுரை, எங்கே இருப்பு என்பதை ரயில் வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடலாம்.