பியாசோலா வாசிக்கப் போறீங்களா, இதெல்லாம் பண்ணாதீங்க

டாங்கோ பக்கம் வர்ற சேம்பர் குரூப்ல (சின்ன கிளாசிக்கல் குழு) பாதிப்பேர் அர்ஜென்டினா டாங்கோ இசையமைப்பாளர் ஆஸ்டர் பியாசோலால தான் ஆரம்பிப்பாங்க. நோட்ஸ் பாத்தா பெருசா பயமுறுத்தாது, சைட் ரீடிங் நல்லா வர்றவங்க ரெண்டு ரிகர்சல்ல தேத்திடுவாங்க, ஆனா கேட்டா ஸ்டார் ஹோட்டல் லாபில பின்னாடி ஓடுற மியூசிக் மாதிரி இருக்கும். ஏன்னா எல்லாரும் மெலடிக்கு தான் உழைக்கிறாங்க, அடியில இருக்கிற ரிதத்தை யாரும் கண்டுக்கிறதில்ல.

1960ல அவர் ஆரம்பிச்ச குவின்டெட்ல, அதாவது அஞ்சு பேர் குழுவுல, யார் யார்னு பாருங்க: பாண்டோனியன் (அக்கார்டியன் மாதிரி ஒரு துருத்தி வாத்தியம்), வயலின், பியானோ, எலக்ட்ரிக் கிட்டார், டபுள் பேஸ். டிரம்ஸ் கிடையாது. அதனால இருக்கிறவங்க எல்லாருமே டிரம்மர் வேலையும் சேத்து பாக்கணும். இத புரிஞ்சுக்காம சிலர் எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு கஹோன் (பெட்டி டிரம்) சேத்துடுறாங்க, தயவுசெஞ்சு வேணாம்.

அந்த டிரம்மர் வேலைல முக்கியமானது அராஸ்த்ரே, அதாவது பீட்டுக்குள்ள இழுத்துட்டு வர்றது. பேஸ், செல்லோ வாசிக்கிறவங்க பீட் வந்ததும் கரெக்டா அடிச்சா போதும்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல, பீட்டுக்கு கொஞ்சம் முன்னாடியே வில்லு கிளம்பணும், கீழ இருந்து இழுத்துட்டு, சத்தம் ஏறிக்கிட்டே வந்து பீட்ல போய் மோதணும், பியானோவோட இடது கையும் அதே நேரத்துல கீழ் சுரங்கள்ல உருண்டு வரணும். மூணு பேரும் ஒண்ணா இழுத்தா தான் அந்த கனம் வரும், ஒருத்தர் லேட்டானாலும் தப்பா வாசிச்ச மாதிரி கேக்கும். இதுக்கு மட்டும் தனியா ஒரு ரிகர்சல் போட்டாலும் தகும்.

அடுத்தது 3-3-2, எட்டு எண்ணிக்கைய மூணு, மூணு, ரெண்டுன்னு பிரிக்கிற ரிதம். நமக்கு இது ஈஸி, தகிட தகிட தக, அவ்ளோதான். 1974ல வந்த பியாசோலாவோட லிபர்டாங்கோ முழுக்க இது தான் ஓடுது, அத வச்சு டாங்கோன்னாலே இது தான்னு எல்லா பீஸ்லயும் இந்த ஆக்சென்ட்ட போட்டு தள்றாங்க. பழைய டாங்கோவோட முதுகெலும்பு மார்க்காட்டோ, நாலு பீட்டும் அழுத்தமா நடக்கும், பல சமயம் ஒண்ணும் மூணும் கூடுதல் கனமா விழும். பியாசோலா இந்த ரெண்டுக்கும் நடுவுல மாத்தி மாத்தி போவார், எங்க மாறுதுன்னு ஸ்கோர்ல பென்சில்ல குறிச்சு வச்சுக்கோங்க.

வயலின்காரங்களுக்கு சிச்சாரான்னு ஒண்ணு இருக்கு. பிரிட்ஜுக்கும் டெயில்பீஸுக்கும் நடுவுல, கம்பி மேல நூல் சுத்தியிருக்கிற இடத்துல வில்ல வச்சு வறட்டு வறட்டுன்னு தேய்க்கணும், சில்வண்டு கத்துற மாதிரி வரும். கன்சர்வேட்டரில படிச்சவங்க கூச்சப்பட்டு மெதுவா தேய்ப்பாங்க, ஹால்ல ஒண்ணுமே கேக்காது. கூச்சம் விட்டவங்க எல்லா பார்லயும் தேய்ப்பாங்க, அது இன்னும் கொடுமை.

பாண்டோனியன் வாசிக்க ஆள் கிடைக்கலன்னா அக்கார்டியன் வச்சுக்கலாம், தப்பில்ல, ஆனா பிரெஞ்சு ஸ்டைல்ல நடுங்குற மியூசெட் ரெஜிஸ்டர ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா டாங்கோ ஊரான பியூனஸ் அயர்ஸுக்கு டிக்கெட் எடுத்து பாரிஸ்ல இறங்கின கதை தான். பெல்லோஸ (துருத்தி) வெடுக்குனு இழுத்து ஆக்சென்ட் குடுக்க பழகணும், விரல் அழுத்தத்த மட்டும் நம்புனா எல்லாம் கொழகொழன்னு போயிடும்.

ஸ்லோ பார்ட்ல ஆளாளுக்கு இஷ்டத்துக்கு இழுக்கிறதும் ஒரு வியாதி. மெலடிக்காரர் பின்தங்கலாம், முந்தலாம், ஆனா பேஸ் அசையக்கூடாது.

கடைசியா புரோகிராம் நோட்ஸ். ‘பியூனஸ் அயர்ஸ் நாலு பருவங்கள்’ங்கிற பீஸ்ல, ‘நாலு பருவங்கள்’ எழுதின பழைய இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியோட டியூன்ஸ பியாசோலா கோத்துருக்கார்னு எழுதுறாங்க. 1965ல இருந்து 1970 வரைக்கும் தனித்தனியா குவின்டெட்டுக்கு எழுதின பீஸ் அது, விவால்டிய உள்ள நுழைச்சது வயலினிஸ்ட் கிடோன் கிரெமருக்காக அத ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாத்தி எழுதின லியோனிட் தெசியாட்னிகோவ். தென் அரைக்கோளத்துல பருவம் தலைகீழ்ங்கிறதால பியாசோலாவோட கோடைக்குள்ள தெசியாட்னிகோவ் விவால்டியோட குளிர்காலத்த வச்சிருப்பார், செம குறும்பு. அந்த வெர்ஷன வாசிச்சா அவர் பேரையும் போடுங்க.