டி-ஷர்ட் ஆர்டர் சொன்ன தேதியில் போக, பின்னாலிருந்து எண்ணுங்கள்

சப்ளை செயின் என்றதும் கப்பலும் கன்டெய்னரும்தான் நினைவுக்கு வரும், ஆனால் திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் உருவாகும் வழியைப் பார்த்தாலே அடிப்படை பிடிபட்டுவிடும். நூல், நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது), சாயம், காம்பாக்டிங் (பிறகு சுருங்காமல் இருக்க துணியை முன்பே அழுத்திச் சுருக்குவது), கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். சின்னக் கம்பெனி என்றால் இதில் பாதி வெளியே ஜாப் ஒர்க்கில்தான், அதாவது கூலிக்குச் செய்து தருகிறவர்களிடம்தான் ஓடும்.

முதலில் டெலிவரி தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, நூல் எந்தத் தேதியில் கைக்கு வர வேண்டும் என்று கண்டுபிடியுங்கள். ஜாப் ஒர்க்காரரிடம் "எத்தனை நாள் ஆகும்" என்று மட்டும் கேட்டால் போதாது, "எங்கள் துணி எப்போது மெஷினில் ஏறும்" என்றும் கேளுங்கள், ஏனென்றால் வேலை நடக்கிற நேரத்தைவிட வரிசையில் கிடக்கிற நேரம்தான் பல சமயம் அதிகம். சாயப்பட்டறைக்குக் கட்டாயம் ஒரு மாற்று வேண்டும், முடிந்தால் வேறு ஊரில். 2011 ஜனவரியில் கழிவுநீர் பிரச்சினைக்காக சென்னை உயர் நீதிமன்றம் இங்குள்ள பட்டறைகளை மூடச் சொன்னபோது, பக்கத்துத் தெருவில் இன்னொரு பட்டறையைத் தெரிந்து வைத்திருந்தவருக்கும் ஒரு பலனும் இல்லை.

துணி திரும்பி வந்ததும் எடை போடுங்கள். கொடுத்த எடை அப்படியே வராது, அதனால் எவ்வளவு குறையலாம் என்பதை முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். அப்புறம் லாட் வாரியாக, அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட துணியை ஒன்றாகப் பிரித்து அடுக்குங்கள். ஒரு லாட்டில் உடம்பும் இன்னொன்றில் கையும் வெட்டினால், ஒரே நீலம் என்று நினைத்தது தைத்த பிறகு இரண்டு நீலமாகத் தெரியும்.

பெரும்பாலும் கழுத்தைப் பிடிப்பது துணிகூட இல்லை, லேபிள்தான். ஒரு நாளைக்கு 400 பீஸ் ஓடுகிறது, லேபிள் வர 6 நாள் ஆகும், தாமதத்துக்கு 3 நாள் கூட்டிக்கொள்ளுங்கள் என்றால் 400 × 9 = 3,600. கையிருப்பு அந்த எண்ணைத் தொட்ட அன்றே ஆர்டர் போட வேண்டும், "இன்னும் நிறைய இருக்கே" என்று சூப்பர்வைசர் சொன்னாலும் சரி. பாலிபேக், அட்டைப்பெட்டி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

ஏற்றுமதியா? தூத்துக்குடியில் ஏற்றுகிற பெட்டி பெரும்பாலும் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியதும் ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்து, பயணம் 10 நாள் போல நீண்டது. ஆகவே ஆர்டர் வாங்கும்போதே, தேதி என்பது சரக்கு கப்பலேறும் நாளா, அவர்கள் கிடங்குக்குப் போய்ச் சேரும் நாளா என்று தெளிவாக எழுத்தில் வாங்குங்கள்.